பழைய மில்லிங் இயந்திரத்துக்கு நியாய விலை எது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் முன்னோர் மாடு வாங்கிய விதத்தை வயதில் மூத்த நேயர்கள் அறிவார்கள். விற்பவர் விலையைச் சொன்னவுடன் அவர்கள் மடியை அவிழ்த்துவிட மாட்டார்கள். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். கறவை மாடாக இருந்தால் கறந்தும் பார்ப்பார்கள். அதன் பிறகுதான் விலைப்பேச்சே தொடங்கும். விற்பவர் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி நிறுத்தியிருப்பார். அந்த வர்ணத்துக்காக யாரும் கூடுதலாகக் காசு கொடுத்ததில்லை.

அந்தப் பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கிள்ளான், ஷா ஆலாம், பட்டர்வொர்த், ஜொகூர் பாரு தொழிற்பேட்டைகளில் இயந்திரம் இயக்குகிறார்கள். சிலர் சொந்தமாகப் பட்டறை வைக்கவும் துணிகிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், முதன்முதலாக ஒரு பழைய இயந்திரத்தை வாங்கப் போகும்போது, பாட்டனார் மாட்டுக்குக் காட்டிய நிதானத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பளபளக்கும் பச்சை வர்ணத்தைப் பார்த்ததும் மனம் இளகிவிடுகிறது.

இரண்டு குடும்பங்களை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதல் குடும்பத்தில் தந்தைக்கு 55 வயது. ஊழியர் சேமநிதியிலிருந்து பணத்தை எடுத்திருக்கிறார். மகன் தொழிற்கல்வி படித்து, ஒரு தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவர். "அப்பா, ஒரு மில்லிங் மிஷின் இருந்தால் போதும், வேலை எடுத்துச் செய்யலாம்" என்கிறார் மகன். தந்தையின் முதுமைக் காலச் சேமிப்பில் ஒரு பெரும்பகுதி ஒரே நாளில் கைமாறப் போகிறது.

இரண்டாவது குடும்பத்தில் பட்டறை நடத்திய கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் வேறு துறையில் இருக்கிறார்கள். பூட்டிக் கிடக்கும் பட்டறைக்கு மாதாமாதம் வாடகை ஏறுகிறது. அந்த அம்மையாரிடம் ஒருவர் வந்து, "இது ரொம்பப் பழசுக்கா, இரும்பு எடைக்குத்தான் போகும்" என்கிறார்.

முதல் குடும்பம் அதிகம் கொடுத்து ஏமாறக்கூடும். இரண்டாவது குடும்பம் குறைவாக வாங்கி ஏமாறக்கூடும். இருவருக்கும் தேவைப்படுவது ஒரே அறிவுதான். அதுதான் ஒரு பழைய இயந்திரத்தின் நியாய விலையைக் கணிக்கும் அறிவு.

இயந்திரத்தின் வரலாறு

லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தில் இரும்புத் துண்டு சுழலும், வெட்டும் கருவி சுழலாது. மில்லிங்கில் வெட்டும் கருவி சுழலும். மேசையில் இறுகப் பிடிக்கப்பட்ட இரும்புத் துண்டு அதன் அடியில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகரும். சமதளம், பள்ளம், சாய்வு, காடி என்று பலவற்றையும் இதில் சீவி எடுக்கலாம். அமெரிக்காவைச் சேர்ந்த ஜோசப் பிரவுன் 1862ஆம் ஆண்டில் 'யுனிவர்சல்' மில்லிங் இயந்திரத்தை உருவாக்கினார். துளையிடும் அலகில் சுருள் காடி வெட்டுவது அதன் முதல் வேலைகளுள் ஒன்று.

இன்று சிறு பட்டறைகளில் அதிகம் காணப்படும் செங்குத்து மில்லிங் இயந்திரத்தின் மூலவடிவம், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட் நகரில் 1938ஆம் ஆண்டில் வந்தது. ஊரின் பெயரே இயந்திரத்தின் பெயருமாயிற்று. அந்த வடிவத்தைப் பின்பற்றித் தைவான் உள்ளிட்ட நாடுகள் ஏராளமான இயந்திரங்களைச் செய்தன. அதனால்தான், யார் செய்த இயந்திரமாக இருந்தாலும் பட்டறைக்காரர்கள் "பிரிட்ஜ்போர்ட் டைப்" என்று சொல்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் விலையும் ஒன்றாகிவிடாது. இயந்திரத்தின் பெயர்த்தகட்டைப் படித்து, யார் செய்தது, எந்த மாதிரி, எந்த வரிசை எண், எத்தனை வோல்ட் என்பதைக் குறித்துக்கொள்வது முதல் வேலை. தகட்டையே காணவில்லை என்றால், அதுவும் ஒரு செய்திதான்.

பினாங்கு, பாயான் லெப்பாஸில் 1972ஆம் ஆண்டில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. பெரிய தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் அதைச் சுற்றி வளர்ந்தன. பிறகு கணினிவழி இயங்கும் சிஎன்சி இயந்திரங்கள் பெருகியபோது, கையால் இயக்கும் இயந்திரங்கள் பல இடங்களில் விற்பனைக்கு வந்தன. ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பழைய இயந்திரங்களும் சந்தையில் உண்டு. ஆகவே, தேடுபவருக்குப் பொருள் கிடைக்கும். கண்ணில் பட்ட முதல் இயந்திரத்தையே வாங்கியாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

ஒரே இயந்திரம், நான்கு விலை

ஓர் இயந்திரத்துக்கு ஒரே விலை என்று நினைப்பதுதான் முதல் தவறு. அடிமட்டத்தில் இருப்பது பழைய இரும்பு விலை. எந்த நிலையிலும் அதற்குக் கீழே இயந்திரம் போக வேண்டியதில்லை. அதற்கு மேலே அவசர விலை இருக்கிறது. இடத்தை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்ற நெருக்கடியில், ஏலத்திலோ நேரடியாகவோ விற்கப்படும் விலை அது. அதற்கும் மேலே சந்தை விலை. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நெருக்கடி இல்லாமல், இருவரும் பொருளைப் பற்றித் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளும் விலை அது. உச்சியில் இருப்பது வியாபாரி விலை. பழுது பார்த்து, கொண்டுவந்து இறக்கி, ஓட்டிக் காட்டி, சில மாதங்களுக்குப் பொறுப்பும் ஏற்றுக்கொண்டு விற்கும் விலை அது.

வியாபாரி கூடுதலாகக் கேட்பதில் தவறில்லை. ஆனால், அந்தக் கூடுதல் பணத்துக்குரிய வேலையை அவர் செய்திருக்க வேண்டும். பழுது பார்க்காமல், பொறுப்பும் ஏற்காமல், வர்ணம் மட்டும் பூசிவிட்டு உச்சி விலையைக் கேட்டால் அது நியாய விலை ஆகாது.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி?

மாட்டுக்குப் பல் போல, மில்லிங் இயந்திரத்துக்கு அதன் சறுக்குப் பாதைகள். மேசை நகரும் அந்தப் பாதைகளின் பரப்பில், நல்ல இயந்திரம் என்றால், கையால் சுரண்டி எடுத்த சிறுசிறு பிறைக் கோடுகள் தெரியும். எண்ணெய் தங்குவதற்காகச் செய்யப்பட்டவை அவை. ஓரங்களில் அந்தக் கோடுகள் தெளிவாக இருந்து, நடுவில் மட்டும் வழுவழுவென்று அழிந்திருந்தால், நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது என்று பொருள். அன்றாட வேலை பெரும்பாலும் மேசையின் நடுவில் நடப்பதால் தேய்மானமும் அங்கேதான் சேரும்.

இதைக் கையாலும் உணரலாம். மேசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை கைப்பிடியைச் சுற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் இலகுவாகவும், இரண்டு கோடிகளிலும் இறுக்கமாகவும் இருந்தால் அது தேய்ந்த இயந்திரம். இது சாதாரணப் பழுதன்று. பாதைகளை மீண்டும் சீவிச் சமன்படுத்த வேண்டும். அதற்கான கைத்திறன் உள்ளவர்கள் குறைவு, கூலியோ அதிகம். எனவே, விலையை மிக அதிகமாகக் குறைக்க வேண்டிய குறை இதுதான்.

அடுத்தது திருகுத்தண்டு. கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றிவிட்டு, எதிர்ப்பக்கம் திருப்பினால், மேசை நகரத் தொடங்கும் முன் கைப்பிடி சிறிது தூரம் சும்மா சுற்றும். பட்டறையில் இதை 'பேக்லாஷ்' என்பார்கள். பயன்படுத்திய இயந்திரத்தில் 0.1, 0.2 மில்லிமீட்டர் இருப்பது பெரிய குறையன்று. பல இயந்திரங்களில் மரையை இறுக்கி இதைக் குறைக்கலாம். ஆனால், நடுவில் ஓர் அளவும் கோடியில் வேறோர் அளவும் காட்டினால், தண்டே ஒரே இடத்தில் தேய்ந்திருக்கிறது. மரையை நடுப்பகுதிக்கு ஏற்ப இறுக்கினால் கோடியில் மாட்டிக்கொள்ளும். அப்போது தண்டையும் மரையையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிஜிட்டல் அளவுகாட்டி பொருத்தியிருந்தால் இந்தக் குறை மறைந்துவிடும் என்று சில விற்பனையாளர்கள் சொல்வார்கள். அளவு சரியாகத் தெரியும் என்பது உண்மை. ஆனால், வெட்டுக்கருவி சுழலும் திசையிலேயே வேலைப்பொருளை நகர்த்தி வெட்டும்போது, தளர்ந்த மேசையைக் கருவி தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பொருள் கெடும், கருவி உடையும். கண்ணாடி போட்டால் பார்வை தெளியும், முட்டிவலி தீராது.

மூன்றாவது, கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில். இதைப் பார்க்க 'டயல் கேஜ்' என்னும் சிறு அளவுமானி போதும். வாங்கப் போகிறவர் தம் சொந்த அளவுமானியைக் கொண்டுபோவது நல்லது. ஸ்பிண்டிலின் உட்புறக் கூம்பில் அதன் முனையை வைத்து, ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றினால், முள் 0.01 மில்லிமீட்டர் அளவில் மட்டுமே ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் உட்புறக் கூம்போ பேரிங்கோ கெட்டிருக்கக்கூடும். கூம்பில் கீறல்கள் இருந்தால், யாரோ கருவியைச் சரியாக இறுக்காமல் ஓட்டியிருக்கிறார்கள்.

பிறகு இயந்திரத்தை ஓட்ட வேண்டும். ஒரு நிமிடம் ஓட்டினால் போதாது. எல்லா வேகங்களிலும் ஓட்டி, கடைசியாக அதிக வேகத்தில் 15, 20 நிமிடங்கள் விட வேண்டும். உறுமல் சத்தம் கேட்கிறதா, ஸ்பிண்டிலின் முனைப்பகுதி கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறதா என்று பார்க்க வேண்டும். "இப்போது கரண்ட் இல்லை, வாங்கிப்போய் ஓட்டிப் பாருங்கள், நன்றாக ஓடும்" என்று ஒருவர் சொன்னால், அந்த இயந்திரத்தை ஓடாத இயந்திரமாகவே வைத்து விலை பேச வேண்டும்.

நான்காவது, எண்ணெய். பல இயந்திரங்களின் பக்கவாட்டில் கையால் இழுக்கும் எண்ணெய்ப் பம்பு இருக்கும். அதை இழுத்துவிட்டு, சறுக்குப் பாதைகளில் எண்ணெய் வந்து கசிகிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் அடைத்திருந்தால், பல ஆண்டுகளாகப் பாதைகள் காய்ந்த நிலையிலேயே தேய்ந்திருக்கும். மேசையின் மேல் உள்ள துளைக் காயங்களும் முந்தைய உரிமையாளரின் குணத்தைச் சொல்லும். ஒன்றிரண்டு காயங்கள் இயல்பு. மேசை முழுவதும் அம்மைத் தழும்பாக இருந்தால், வெளியே தெரியாத இடங்களையும் அவர் அப்படித்தான் வைத்திருந்திருப்பார்.

இவற்றோடு, இயந்திரத்தின் தலை சற்றுச் சாய்ந்திருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அது சாய்க்கக்கூடிய தலை. அளவுமானியை வைத்து நேராக்கிக்கொள்ளலாம். எது அரை மணி நேரத்தில் தீரும் குறை, எது ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் குறை என்று பிரித்தறிவதுதான் விலைக்கணிப்பின் உயிர்நாடி.

மின்சாரம் வைக்கும் செலவு

ஜப்பானிலிருந்து வரும் இயந்திரங்களில் பல, 200 வோல்ட் மும்முனை மின்சாரத்துக்குச் செய்யப்பட்டவை. மலேசியா, சிங்கப்பூர் பட்டறைகளில் இருப்பதோ 400 வோல்ட் மும்முனை மின்சாரம். நடுவில் மின்மாற்றி தேவை. மேலும், ஜப்பானின் மேற்குப் பகுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டை மாற்றுமே தவிர, இதை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடிய மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். பெரும்பாலான வேலைகளுக்கு இது தடையன்று. ஆனால், தெரிந்து வாங்குவது வேறு, வாங்கிய பின் தெரிந்துகொள்வது வேறு. வீட்டோடு சேர்ந்த சிறு கொட்டகையில் ஒருமுனை மின்சாரம் மட்டும் இருந்தால், மோட்டாருக்கு ஏற்ற இன்வெர்ட்டரும் வாங்க வேண்டியிருக்கும்.

பழைய சிஎன்சி இயந்திரம் என்றால் கணக்கே வேறு. அதில் இரும்பு நன்றாக இருந்தும், கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்னணு அட்டை கெட்டுவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். அந்த அட்டை இன்னும் கிடைக்கிறதா, பழுது பார்ப்பவர் உள்ளூரில் இருக்கிறாரா என்பதை விசாரித்த பிறகே விலையைப் பேச வேண்டும்.

கணக்குப் போடும் முறை

இப்போது தந்தையும் மகனும் பார்க்கப் போன இயந்திரத்துக்கு வருவோம். பின்வரும் தொகைகள் முறையை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. அவரவர் தத்தம் ஊரில் விசாரித்த தொகைகளை இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதே வகை இயந்திரம், நல்ல நிலையில், வைஸ், கோலெட் முதலிய துணைக்கருவிகளோடு பட்டறையில் நிறுத்தி ஓடும் நிலையில் 30,000 ரிங்கிட் பெறும் என்று வைத்துக்கொள்வோம். பச்சை வர்ணம் பூசிய இயந்திரத்துக்கு விற்பவர் 26,000 ரிங்கிட் கேட்கிறார். நாலாயிரம் மிச்சம் என்று மகன் நினைக்கிறார்.

இனி, குறைகளைப் பட்டியல் போடுவோம். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ளதை கிரேன் லோரியில் ஏற்றி இறக்கி நிறுத்த 1,800. மின்மாற்றிக்கும் வயரிங்குக்கும் 2,200. ஸ்பிண்டில் பேரிங் உறுமுகிறது, அதை மாற்றக் கூலியோடு 3,000. வைஸும் கோலெட்டும் இல்லை, அவற்றுக்கு 3,500. மொத்தம் 10,500 ரிங்கிட். முப்பதாயிரத்திலிருந்து கழித்தால் 19,500. கண்ணுக்குத் தெரியாத குறைகளுக்காக 2,000 ஒதுக்கினால் 17,500. பேரத்தைத் தொடங்க வேண்டிய இடம் அது. 19,500 தாண்டினால், கைகூப்பி விடைபெற்றுக்கொள்ள வேண்டும்.

கேட்ட விலைக்கே வாங்கியிருந்தால் என்ன ஆகும்? 26,000த்தோடு 10,500 சேர்ந்து 36,500 ரிங்கிட் ஆகும். நல்ல நிலையில் உள்ள இயந்திரத்தையே 6,500 ரிங்கிட் குறைவாக வாங்கியிருக்கலாம். மலிவு என்று நினைத்ததே விலை உயர்ந்ததாகிவிடுகிறது. பழுது பார்க்கும் வாரங்களில் வேலை எடுக்க முடியாமல் போகும் இழப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். எந்த வேலைக்காக வாங்குகிறோம்? பிளாஸ்டிக் அச்சு செய்வதற்கு நுண்ணிய துல்லியம் தேவை. அதற்குத் தேய்ந்த இயந்திரம் எந்த விலைக்கும் மலிவன்று. இரும்புத் தாங்கிகளும் இயந்திரங்களின் பாதுகாப்பு உறைகளும் செய்யும் பட்டறைக்குச் சற்றுத் தேய்ந்த இயந்திரமே போதும், ஆனால் தேய்ந்த விலைக்கு. ஆகவே, ஒரே இயந்திரம் ஒருவருக்கு நியாய விலையிலும் மற்றவருக்கு அநியாய விலையிலும் அமையலாம்.

அந்த அம்மையாரின் இயந்திரம்

பூட்டிய பட்டறையில் இருப்பதும் இதே வகை இயந்திரம்தான். மேலே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும். வர்ணம் உரிந்திருக்கிறது. ஆனால், மறைந்த கணவர் தினமும் எண்ணெய்ப் பம்பை இழுத்தவர். சறுக்குப் பாதையின் நடுவிலும் பிறைக் கோடுகள் தெரிகின்றன. ஸ்பிண்டில் அமைதியாகச் சுழல்கிறது. மோட்டார் நம் மின்சாரத்துக்கே ஏற்றது. இழுப்பறையில் வைஸ், கோலெட், வெட்டுக்கருவிகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன.

கிலோவுக்கு ஒரு ரிங்கிட் என்று இரும்பு எடைக்குப் போட்டால் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஆயிரம் ரிங்கிட். அதே கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். முப்பதாயிரத்தில் லோரிச் செலவு 1,800ஐயும் தெரியாத குறைகளுக்கு 2,000த்தையும் கழித்தால், 26,200 ரிங்கிட். வியாபாரியிடம் கொடுத்தால் அவருடைய உழைப்புக்கும் இலாபத்துக்கும் விட்டுக்கொடுத்து இதைவிடக் குறைவாகக் கிடைக்கும், அது நியாயமே. ஆனால், இருபதாயிரத்தை ஒட்டிய பேச்சுக்கும் ஆயிரம் ரிங்கிட்டுக்கும் இடையிலான தூரம், ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு.

இந்த நிலையில் உள்ள குடும்பங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. இயந்திரத்தை விற்கும் வரை பட்டறையின் மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடாது. ஓடிக் காட்டும் இயந்திரத்துக்கே விலை உண்டு. புது வர்ணம் பூச வேண்டாம், தூசியைத் துடைத்து எண்ணெய் தடவினால் போதும். பெயர்த்தகட்டையும் சறுக்குப் பாதைகளையும் படம் எடுத்து வைக்க வேண்டும். துணைக்கருவிகளைத் தனியே பட்டியல் போட வேண்டும். "அது சும்மா சில்லறைச் சாமான்" என்று ஒருவர் இழுப்பறையோடு கேட்டால், அதில்தான் ஆயிரக்கணக்கான ரிங்கிட் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். கணவரோடு தொழில் செய்த பட்டறைக்காரர் ஒருவரை உடன் வைத்துக்கொள்வது மிக நல்லது.

நேயர்களே, இரண்டு இயந்திரங்களையும் மீண்டும் ஒருமுறை பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வர்ணம் பூசியதற்கு 26,000 கேட்டார்கள், அது பெறும் விலை 17,500. தூசி படிந்ததற்கு ஆயிரம் தருவதாகச் சொன்னார்கள், அது பெறும் விலை 26,000க்கு மேல். அளவுமானி, கைவிளக்கு, காகிதம், பேனா, அரை நாள் பொறுமை, இவ்வளவுதான் இந்த உண்மையை வெளியே கொண்டுவரத் தேவைப்பட்டவை.

அந்தத் தந்தையும் மகனும் வர்ணம் பூசிய இயந்திரத்தை விட்டுவிட்டு, தூசி படிந்த இயந்திரம் இருக்கும் பட்டறைக்கு வந்து சேர்ந்தால், அங்கே பேசப்படும் விலை இரண்டு குடும்பங்களையும் வாழவைக்கும். விற்றவர் "ஏமாந்துவிட்டோமே" என்றும், வாங்கியவர் "ஏமாற்றிவிட்டார்களே" என்றும் பிற்பாடு வருந்தாத விலை எதுவோ, அதுவே நியாய விலை.